180 கிறெடிற்றுக்குள் ஐரோப்பா: ஒரு பாடத்திட்டத்தை முன்வைத்து

எனது இளைய மகள் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியக் கற்கைகள் துறையில் இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியிருக்கிறாள். முதலாம் ஆண்டு முடிவதற்கு முன்னரே மிகுதி இரண்டு ஆண்டுகளுக்கும் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்று ஒரு திட்டத்தை எழுதிக் கையளிக்கவேண்டும். அந்தத் திட்டத்தையொட்டி எங்களது குசினி மேசையில் மூன்று வாரங்களாக நடந்த விவாதத்தின் விளைவே இக்கட்டுரை. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. நான் சொல்லவருவது ஒரு நிறுவனத்தின் மீதான முறைப்பாடு அல்ல, ஒரு துறை தன்னைக் கட்டமைத்துக்கொண்டுள்ள முறை பற்றியது.

பாடத்திட்டம் ஒன்றை விமர்சனத்துக்குரிய பிரதியாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். நாவலையும் கவிதைத் தொகுப்பையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாங்கள் இதுபோன்ற பிரதிகளை வெறும் கந்தோர்க் கடுதாசி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஐரோப்பா என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யாருடைய வரலாறு அதற்குள் கட்டாயம், யாருடையது விருப்பத்துக்குரியது என்பவற்றை எந்த நாவலையும்விட வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற பிரதி இது. நாளைக்குப் பிரசெல்ஸிலும் ஹேக்கிலும் எங்களைப்போன்றோரின் கோவைகளைப் புரட்டப்போகிறவர்களில் சிலர் இதைப் படித்துவிட்டுத்தான் அங்கு போவார்கள்.

மூன்று ஆண்டுகள், 180 கிறெடிற். இங்கு ஒரு கிறெடிற் என்பது 28 மணித்தியால உழைப்பு. ஆக மொத்தம் 5040 மணித்தியாலங்கள். 1987 இல் எராஸ்மஸ் திட்டம் வந்தபோது ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டில் எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. அதிலிருந்து பிறந்த அளவுகோல் இது. 1999 யூனில் 29 நாடுகள் பொலோஞாவில் ஒப்பமிட்ட பிரகடனத்தின் பின்னர் இதுவே பொது நாணயமாயிற்று. யாழ்ப்பாணத்தில் நான் பாதியில் விட்டுவந்த பட்டப்படிப்பின் இரண்டு வருடங்களை இங்கு எந்த நாணயத்துக்கும் மாற்ற முடியவில்லை. இது இடையில் வந்த பெருமூச்சு, விட்டுவிடுவோம்.

முதலாம் ஆண்டில் சட்டம், பொருளியல், அரசியல், வரலாறு எல்லாம் கட்டாயம். கூடவே ஓர் ஐரோப்பிய மொழி. பிறகு ஒரு சிறப்புத்துறை, பின்னர் வேறொரு நாட்டில் ஒரு செமஸ்ரர், இறுதியில் ஆய்வுக்கட்டுரை. பொருளியல் பகுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கும் படிப்பிக்கிற பொருளியல்தான், உதாரணங்களில் மட்டும் யூரோ. என்னைத் தடுத்து நிறுத்தியது வரலாறு.

கட்டாய வரலாற்றுப் பாடம் 1945 இன் இடிபாடுகளில் தொடங்குகிறது. 1950 மே 9 இல் பிரான்சின் வெளிநாட்டமைச்சர் றொபேர் ஷூமன் நிலக்கரியையும் உருக்கையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் பிரகடனத்தை வாசிக்கிறார். 1957 இல் றோம் ஒப்பந்தம். பிறகு விரிவாக்கத்தின் மேல் விரிவாக்கம். 2012 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. யுத்தத்திலிருந்து சமாதானத்துக்கு என்ற இந்தப் பெருங்கதையாடலில் பொய் என்று சொல்லத்தக்க ஒரு வசனம்கூட இல்லை. அதனாலேயே அதை மறுப்பது கடினமாக இருக்கிறது.

ஆனால் ஷூமனின் பிரகடனத்தை முழுதாக வாசித்தவர்கள் அதில் ஆபிரிக்காவைக் காண்பார்கள். வளம் பெருகிய ஐரோப்பா தன் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக ஆபிரிக்கக் கண்டத்தின் அபிவிருத்தியை நிறைவேற்றும் என்று அது சொல்கிறது. மகளின் பாடநூலில் பிரகடனத்தின் ஒரு பகுதி பெட்டி கட்டித் தரப்பட்டிருந்தது. அந்த வசனம் அதற்குள் இல்லை. அதே 1950 இல், அதே பிரான்சில், எமே செசேர் காலனியம் பற்றிய தனது உரைக்கட்டுரையை வெளியிட்டார். அவர் வெளியாள் அல்ல. மார்த்தினிக்கிலிருந்து தெரிவான, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் உறுப்பினர். ஹிட்லர் ஐரோப்பாவுக்குள் செய்ததை ஐரோப்பா ஏற்கெனவே வெளியில் செய்துகொண்டிருந்தது என்பது அவரது வாதத்தின் மையம். ஒரே ஆண்டில் வந்த இவ்விரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் வாரத்திலேயே படிப்பித்தால் அந்தப் பாடம் எவ்வளவு வேறாக இருக்கும்! திட்டத்தில் செசேர் இல்லாமலில்லை. மூன்றாம் ஆண்டில், ‘பின்காலனியப் பார்வைகள்’ என்ற 6 கிறெடிற் விருப்பப் பாடத்தில் இருக்கிறார். விரும்பியவர் எடுக்கலாம்.

அல்ஜீரியாவும் அப்படித்தான். பிரித்தானியா 2020 இல் வெளியேறியபோது முதன்முதலாக ஒரு நாடு வெளியேறுகிறது என்றார்கள். சிலர் 1985 இல் கிறீன்லாந்து வெளியேறியதை நினைவூட்டினார்கள். றோம் ஒப்பந்தத்தின் 227 ஆம் உறுப்புரை அல்ஜீரியாவைப் பெயர் சொல்லித் தனக்குள் சேர்த்துக்கொண்டதையும், எட்டு வருட யுத்தத்தின் பின்னர் 1962 இல் அது சுதந்திரமடைந்து அகன்றதையும் எத்தனை பேர் சொன்னார்கள்? ‘சமாதானத் திட்டம்’ ஒப்பமிடப்பட்ட 1957 மார்ச்சில் அல்ஜியேர்ஸ் நகரில் பிரெஞ்சுப் பரசூட் படையினர் வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது நடந்தது, ஒப்பந்தத்தின்படி, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்குள் வரவிருந்த மண்ணில். உங்கள் பையிலிருக்கும் யூரோத் தாளைத் திருப்பிப் பாருங்கள். வரைபடத்தின் அடியில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் சில தீவுகளும் ஒரு தென்னமெரிக்கத் துண்டும் இருக்கும். பணத்தாள் அச்சிட்டவர்கள் மறக்காததைப் பாடநூல் எழுதியவர்கள் மறந்திருக்கிறார்கள்.

சட்டப் பகுதி இதைவிடத் திறமாக இருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளை வரிவரியாக வாசிக்கப் பழக்குகிறார்கள். அப்படியிருந்தும் ஓர் ஓட்டை. றோமன் சட்டம், பிறகு நெப்போலியனின் சட்டக்கோவை, பிறகு ஒன்றியச் சட்டம் என்று அந்தக் கதை நேராக நடக்கிறது. குரோஷியஸ் எழுதிவைத்த றோமன்-டச்சுச் சட்டத்தை நெதர்லாந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது. அது இன்றைக்கும் உயிரோடிருப்பது தென்னாபிரிக்காவிலும் இலங்கையிலும். கொழும்பில் ஒரு வழக்கறிஞர் குரோஷியஸை மேற்கோள் காட்டலாம். நெதர்லாந்தில் அவருக்குச் சிலை மட்டும்தான் மிச்சம். அதே ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை இப்போதும் தீர்மானிக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு கிளை ஐரோப்பாவுக்கு வெளியில்தான் படிக்கக் கிடைக்கிறது என்பது ஐரோப்பியக் கற்கைகளுக்கு உரிய விசயமா, இல்லையா?

இனி எனக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். நான் 1984 டிசம்பரில் மொஸ்கோ வழியாகக் கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து பிறீட்றிக்ஸ்ராச நிலையத்துக்கு வந்து மேற்குப் பேர்லின் போகும் ரெயினில் ஏறினேன். கிழக்கு ஜேர்மனிக்காரர் மறிக்கவில்லை. நாங்கள் போய்விடுவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மேற்கில் இறங்கியபோதும் ஒருவரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. நான் இதை எனது அதிர்ஷ்டம் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். மேற்கு நாடுகள் பேர்லினின் பிரிப்புக் கோட்டை நாட்டெல்லை என்று ஏற்கவில்லை. எல்லையில்லாத இடத்தில் எல்லைச் சோதனை வைத்தால் எல்லையை ஏற்றதாகிவிடும். பனிப்போரின் இந்தச் சட்ட முரணுக்குள் இருந்த இடைவெளியால் எங்களில் ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பாவுக்குள் வந்தோம்.

1985 யூன் 14 இல் ஷெங்கன் என்ற லக்சம்பேர்க் கிராமத்தில் ஐந்து நாடுகள் தமக்கிடையேயான எல்லைச் சோதனைகளை அகற்ற ஒப்பமிட்டன. அதே கோடையில், மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலின் பேரில், கிழக்கு ஜேர்மனி விசா இல்லாத இலங்கையரைப் பயணமாறிச் செல்ல அனுமதிப்பதை நிறுத்தியது. அதே வருடம் நெதர்லாந்து, தமிழர் தொகையாக வந்து சேர்ந்தபோது, வழமையான சமூக உதவிக்குப் பதிலாகப் ‘படுக்கை, குளியல், பாண்’ என்று அழைக்கப்பட்ட தனி ஏற்பாட்டை உருவாக்கியது. 1990 இல் டப்ளின் உடன்படிக்கை. அது நடைமுறைக்கு வந்தது 1997 இல். 2003 இல் விரலடையாளங்களுக்கான யூரோடாக். 2024 இல் மீண்டும் ஒரு பெரிய சட்டத்தொகுதி. உள்ளெல்லை திறந்ததும் வெளியெல்லை இறுகியதும் இரண்டு கதைகள் அல்ல.

பாடத்திட்டத்தில் ஷெங்கன் முதலாம் ஆண்டில் ‘ஒருங்கிணைவின் சாதனைகள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. டப்ளின் மூன்றாம் ஆண்டில் ‘ஐரோப்பா எதிர்நோக்கும் சவால்கள்’ என்பதன் கீழ், காலநிலை மாற்றத்துக்கும் சைபர் பாதுகாப்புக்கும் நடுவில் வருகிறது. சாதனை கட்டாயம், சவால் விருப்பம்.

இவ்வளவையும் நான் மேசையில் அடித்துச் சொல்லி முடித்தபோது மகள் கேட்டாள்:

“அப்பா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா நான் எடுக்கிற எல்லாப் பாடத்திலயும் ஏன் எங்கட கதையே வரவேணும்? நான் அகதியில்லை. நான் போட்டிச் சட்டம் படிக்கப்போறன். மொழிக்குப் போலிஷ் எடுத்திட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. போலிஷா? பிரெஞ்சு எடுத்தால் செசேரையும் பனொனையும் மூலத்தில் வாசிக்கலாம், பூக்கோவை வாசிக்கலாம் என்றேன். அதற்கு அவள் சொன்னது இன்னமும் என்னைக் குடைகிறது.

“உங்கட ஐரோப்பாவும் பாரிசும் லண்டனும்தானே? உங்கட அலுமாரியில வார்சோவில இருந்து ஒரு புத்தகம் காட்டுங்கோ பாப்பம்.”

அலுமாரியில் இருந்தது மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம். அதற்கு மேற்கே ஒரு தாவலில் பாரிஸ். இடையில் ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் ‘ஐரோப்பிய மையவாதம்’ என்ற சொல்லை எங்களது சிறுபத்திரிகைகளில் எவ்வளவு தூரம் தேய்த்தோம்! அந்த மையத்தை நாங்களும் பாரிசிலேயே வைத்திருந்தோம், வசைபாடுவதற்காக என்றாலும். 1772, 1793, 1795 என்று மூன்று தடவை பங்குபோடப்பட்டு, 123 வருடங்கள் வரைபடத்தில் இல்லாதிருந்த ஒரு நாடு ஐரோப்பாவின் நடுவில் இருந்ததைப் பற்றி, நாடு கேட்டுப் போராடிய சமூகத்திலிருந்து வந்த நாங்கள் எத்தனை கட்டுரை எழுதினோம்?

அவளுடைய முதலாமாண்டுக் குறிப்புகளைப் பிறகு வாங்கி வாசித்தேன். அதில் ‘குல்ற்றூரா’ என்ற சஞ்சிகை பற்றி இரண்டு பக்கம். எஜி கெட்றோய்ச் என்பவர் 1947 இல் றோமில் தொடங்கி, பாரிசுக்கு வெளியே மெசோன் லபீத் என்ற ஊரிலிருந்து 2000 இல் தான் இறக்கும்வரை நடத்திய போலந்துப் புகலிட மாத இதழ், 637 இதழ்கள். புகலிடப் பத்திரிகை மூன்றாம் இதழோடு நின்றுவிடுவதை வழமையாகக் கண்ட எனக்கு இந்த எண்ணே போதும். ஆனால் விசயம் அதுவல்ல. 1952 இல் அவர்கள் ஒரு பாதிரியாரின் கடிதத்தைப் பிரசுரித்தார்கள். யுத்தத்தில் சோவியத் பக்கம் போன லிவிவும் வில்னியசும் இனி உக்ரேனியருக்கும் லித்துவேனியருக்கும் உரியவை, போலந்துக்காரர் அவற்றைத் திரும்பக் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். புலம்பெயர்ந்த போலந்துச் சமூகம் கொதித்தது. துரோகம் என்றார்கள், சந்தாவை நிறுத்தினார்கள். ஆசிரியர் பின்வாங்கவில்லை, யூலியஷ் மியெரொஷெவ்ஸ்கி லண்டனிலிருந்து அதே நிலைப்பாட்டை இருபது வருடங்களுக்கு மேலாக விரித்து எழுதினார். 1989 இன் பின்னர் சுதந்திரப் போலந்து தன் கிழக்கு அயலவரோடு எல்லைத் தகராறு இல்லாமல் உறவு கொண்டதற்கு அந்த எழுத்துகள் ஒரு காரணம் என்று கொள்ளப்படுகிறது. தன் சமூகம் கேட்க விரும்பாததை எழுதி சந்தா இழந்த பத்திரிகைக்காரர்கள் இந்தக் கட்டுரையின் வாசகர்களிலும் இருக்கிறார்கள். எங்களுக்கு இப்படியொரு முன்னோடி பக்கத்துத் தெருவில் இருந்தது தெரியாமலே இருந்துவிட்டோம்.

ஆகவே எனது விமர்சனத்தைத் திருத்திக்கொள்ளவேண்டியிருக்கிறது. பாடத்திட்டத்தில் ‘எங்களுக்கு’ இன்னும் ஒரு விருப்பப் பாடம் ஒதுக்கவேண்டும் என்பதல்ல எனது கோரிக்கை. விருப்பப் பாடங்களைப் பெருக்குவதன்மூலம் கட்டாயப் பாடத்தைக் கைபடாமல் வைத்திருப்பதே இத்துறையின் தந்திரம். நூலகத்தின் மூலையில் ஒரு ‘இனத்துவ’ அலுமாரி வைப்பது போன்றது அது. அல்ஜீரியாவும் பிறீட்றிக்ஸ்ராச நிலையமும் வார்சோவும் முதலாம் ஆண்டின் முதல் பாதியில், ஷூமனோடு ஒரே வாரங்களில், எல்லோருக்கும் கட்டாயமாக வரவேண்டும். போட்டிச் சட்டம் படிக்கப்போகிறவருக்கும் வரவேண்டும். முக்கியமாக அவருக்கு. செசேரைப் பத்துப்பேர் விரும்பித் தேர்வதைவிட இருநூறு பேர் விருப்பமில்லாமல் வாசிப்பது மேல்.

மொழி விசயத்தில் நான் தோற்றுவிட்டேன். போலிஷில் ஏழு வேற்றுமைகள் என்று பயமுறுத்திப் பார்த்தேன். “தமிழில எட்டு” என்றாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டுபோனதன் பலன்.

அவள் கையளித்த திட்டத்தின்படி இரண்டாம் ஆண்டில் ஒன்றியச் சட்டம் சிறப்புத்துறை, மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்ரர் கிறாக்கோவில், 30 கிறெடிற். ‘பின்காலனியப் பார்வைகள்’ இல்லை. ‘சவால்கள்’ இல்லை. அந்த 6 கிறெடிற்றுக்குச் சட்ட பீடத்தில் சட்ட வரலாறு என்ற பாடத்தைக் கேட்டிருக்கிறாள். அதில் றோமன்-டச்சுச் சட்டம் இரண்டு கிழமைகள் வருகிறதாம். எனக்காக எடுத்தாளா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வேறொரு பீடத்தின் பாடமென்பதால் தேர்வுக்குழு அனுமதிக்கவேண்டும். விண்ணப்பம் போய் ஐந்து கிழமைகள் ஆகின்றன. பதில் இன்னும் வரவில்லை.