பெயரை மீட்டவன்

பால் வெர்ஹோவன் 1987-இல் இயக்கிய ‘ரோபோகாப்’ திரைப்படம், டெட்ராய்ட் நகரில் கயவரால் சுட்டு வீழ்த்தப்பட்ட மர்ஃபி என்னும் காவலனின் கதை. எஞ்சிய உடலை ஒரு வணிக நிறுவனம் இயந்திரத்துள் பொருத்தித் தன் உடைமையாக்கிக்கொள்கிறது. இறுதிக் காட்சியில் பெயர் கேட்கப்படும்போது, அவன் தன் சொந்தப் பெயரையே சொல்கிறான். மனிதன் எவருக்கும் உடைமையல்லன் என்பதே அப்படத்தின் உயிர்நாடி.

அப்படவரிசையைத் தழுவிப் போலந்து நாட்டின் டெயான் நிறுவனம் உருவாக்கிய ‘ரோபோகாப்: ரோக் சிட்டி’ என்னும் கணினி விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. மர்ஃபியாக நடித்த பீட்டர் வெல்லரே இதற்கும் குரல் தந்துள்ளார். ஆடுபவர் மர்ஃபியின் கண்களால் நோக்கி, அவனது துப்பாக்கியை ஏந்துகிறார்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. படத்தில் நம்மைக் கூசச்செய்த வன்முறை, இங்கே கைத்திறனாகிவிடுகிறது. எதிரே வருபவன் வெறும் இலக்கு. தன் பெயரை மீட்டவனின் கதையில் பிறர் பெயரற்று மடிவது முரண் அன்றோ?

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. சிறு குற்றம் புரிந்தவருக்கு அபராதம் விதிப்பதா, எச்சரித்து அனுப்புவதா என்று ஆடுபவரே முடிவுசெய்ய வேண்டும். துப்பாக்கி தாழ்ந்திருக்கும் அக்கணங்களில்தான் இயந்திரத்துள் மனிதன் மூச்சுவிடுகிறான். அவை மிகுந்திருப்பின், விளையாட்டும் படத்தின் உயரத்தை எட்டியிருக்கும்.

வயதுவந்தோருக்கென்றே தரப்படுத்தப்பட்ட இதனை நம் வீட்டு இளைஞர் ஆடக்கூடும். எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று கேளாமல், யாரை மன்னித்து அனுப்பினாய் என்று கேட்டுப்பார்ப்போம்.