ஃபேர் விதிகளில் கடிகாரம் இல்லை

2016-இல் ‘சயின்டிஃபிக் டேட்டா’ இதழில் வந்த ஃபேர் கட்டுரையைப் போன வாரம் மறுபடி முழுசாகப் படித்தேன். ஆய்வுத் தரவு தேடினால் கிடைக்கணும், எடுக்க வழி இருக்கணும், மற்றத் தரவோடு பொருந்தணும், திரும்பப் பயன்படணும். இந்த நாலுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் ஃபேர்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கட்டுரை. மனிதர் மட்டுமல்ல, நிரலும் தரவைத் தேடி எடுக்க முடியணும் என்று அது அழுத்திச் சொல்வது என் மாதிரி கம்ப்யூட்டர்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அதன் 15 விதிகளில் ஒன்றுகூட ‘எத்தனை நாளுக்குள்?’ என்று கேட்கவில்லை.

அதற்கு 20 வருஷம் முன்னாடியே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1996 பிப்ரவரியில் பெர்முடாத் தீவில் மனித ஜீனோம் திட்டத்துக்காரர்கள் கூடினார்கள். ஜான் சல்ஸ்டனும் பாப் வாட்டர்ஸ்டனும் முன்னின்றார்கள். ஆயிரம் எழுத்துக்கு மேல் கோத்த டி.என்.ஏ. வரிசை எதுவானாலும், கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள் பொதுக் கிடங்கில் போட்டுவிடணும் என்று முடிவானது. அப்படியே க்ரான் ஜாப் எழுதிவிடலாம்! ஒரு ஆய்வகம் தாமதித்தால் உடனே தெரிந்துவிடும்.

இதில் நஷ்டமும் இருந்தது. போட்டிக்கு வந்த செலெரா நிறுவனம் பொதுத் தரவை எடுத்துக்கொண்டது. தன்னுடையதை மட்டும் சந்தாவுக்கு விற்றது. இருந்தும் பொதுத் திட்டம் கதவைச் சாத்தவில்லை.

டி.என்.ஏ. வரிசை வெறும் நாலு எழுத்து, நோயாளிகளின் தரவை ஒரே நாளில் வெளியிட முடியுமா என்பீர்கள். முடியாது, ஒத்துக்கறேன். ஆறு மாசம், ஒரு வருஷம், எதுவோ ஒரு கெடுவையாவது முன்கூட்டிச் சொல்லலாமே.

கெடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ‘கேட்டால் தருவோம்’ என்று எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. தந்தவர்கள் 122 பேர். நானும் ஒரு தடவை ஒரு ஆய்வகத்துக்கு எழுதினேன். பதிலே இல்லை. (நான் யாரோ எவரோ, அது வேறு விஷயம்.) ஆனால் ஃபேர் என்றால் திறந்த தரவு என்று அர்த்தமில்லை. விவரக்குறிப்பு ஒழுங்காக இருந்தால், பூட்டிக் கிடக்கிற தரவையும் ஃபேர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் 16-ஆவதாக ஒரு விதி சேர்ப்பேன்: தரவு உருவான தேதி, வெளியான தேதி, இரண்டும் விவரக்குறிப்பில் கட்டாயம். கழித்துப் பார்க்க ஒரு வரி நிரல் போதும், அதை நானே எழுதித் தருகிறேன்.