எழுத்தெண்ணும் வினாவும் தரவுத்தள வழக்கும்

விழுப்புரம், திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் இரண்டனை எடுத்துக்கொள்வோம். வி, ழு, ப், பு, ர, ம் என முன்னதற்கு எழுத்து ஆறு. தி, ண், டி, வ, ன, ம் எனப் பின்னதற்கும் ஆறே. இதில் ஐயுறுவார் இலர். இப்பெயர்களைக் கணினித் தரவுத்தளத்திலிட்டு நீளம் வினவின், மைஎஸ்கியூஎல் 'லெங்த்' என்னும் செயற்கூற்றால் 33, 30 என விடை கூறும். போஸ்ட்கிரெஸ் அதே பெயருடைய செயற்கூற்றால் 11, 10 என்னும். ஆறு என்பது ஈரிடத்தும் இல்லை.

காரணம் ஆராய்தற்குரியது. ஒருங்குறியில் 'வி' என்பது வகரமும் இகரக்குறியும் ஆகிய இரு குறியீடு. 'ப்' என்பது பகரமும் புள்ளியும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ஒரு தளம் பைட்டை எண்ணிற்று. மற்றொன்று குறியீட்டை எண்ணிற்று.

எஸ்கியூஎல் மொழிக்குத் தரநூல் இல்லாமலில்லை. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் அனைத்துலகத் தர நிறுவனமும் அதனை ஏற்றன. 1992ஆம் ஆண்டுப் பதிப்பு, குறியெண்ணுவதற்குக் 'கேரக்டர் லெங்த்' எனவும் பைட் எண்ணுவதற்கு 'ஆக்டெட் லெங்த்' எனவும் பிரித்து ஓதிற்று. இப்பகுப்பு போற்றத்தக்கதே. ஆயினும் வழக்கு நூல்வழி நின்றிலது. ஆரக்கிள் பைட்டெண்ண 'லெங்த்பி' என்னும். எஸ்கியூஎல் சர்வரின் 'லென்' சொல்லிறுதி இடைவெளிகளை எண்ணாது விடும்.

இவ்வேற்றுமை நீக்க எழுந்தவற்றுள் ஓடிபிசி என்னும் இணைப்புமுறை குறிப்பிடத்தக்கது. வினவுவோர் பொதுப்பெயர் ஒன்றைக் கூற, இடைநின்ற இணைப்பான் அதனை அவ்வத்தளத்தின் சொல்லாக மாற்றித் தரும். இத்துடன் சிக்கல் தீர்ந்ததெனக் கொள்வார் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். தளத்தில் இல்லாத பெயரைக் கூறின் பிழையென்னும் செய்தி வரும், உடனே திருத்தலாம். ஒரு பெயரே இருபொருளில் நிற்குமிடத்துச் செய்தி ஏதும் வாராது. தவறான எண்ணே வரும்.

இதனாற் கேடென்னை எனின், கட்டளைக் கலித்துறையை நோக்குக. நேரசை முதலாகிய அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசை முதலாகியதற்கு 17 என்பது வரையறை. எண் மிகினும் குறையினும் பாடத்தை ஐயுறுதல் பதிப்பாசிரியர் கடன். அபிராமி அந்தாதியைத் தரவுத்தளத்திலிட்டு அடிதோறும் இயந்திரத்தால் எண்ணுவிப்பவர், நல்ல பாடத்தையெல்லாம் பிழையெனத் தள்ள நேரும். முதலெழுத்து அகராதி செய்வார்க்கும் இஃதே இடர்: முதற்குறி ஒன்றைக் கேட்பின் 'வி' வாராது, 'வ' வரும்.

பொறியாளரைக் குறைகூறிப் பயனில்லை. 'கேரக்டர்' என்னும் சொல்லை 'எழுத்து' என மொழிபெயர்த்து அமைதியுற்றவர் நாமே அன்றோ? எழுத்தெண், குறியெண், பைட்டெண் என மூன்று பெயரை வேறுவேறாக வரையறுத்துத் தருதல் தமிழ்த்துறைகளின் வேலை. வரையறையும் அரிதன்று. சொல்லினின்று உயிர்க்குறியும் புள்ளியும் நீக்கிக் குறியீட்டை எண்ணின் விழுப்புரத்திற்கு 6 கிடைக்கும், திண்டிவனத்திற்கும் அஃதே. அதனின்று புள்ளித்தொகை 2 கழிப்பின், கலித்துறைக்கு வேண்டும் எண் ஈரூர்க்கும் 4.