யாருடைய பூர்வீக வீடு?

பழைய வீடுகளைப் பேணவேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் நம் நாட்டில் ஓங்கி ஒலிக்கின்றது. வரவேற்கத்தக்க குரல்தான். முன்னோர் வாழ்ந்த வீட்டின் தூணையும் திண்ணையையும் சிதைக்காது செப்பனிட்டு, அதிலேயே குடியிருந்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது பண்பட்ட செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், எவ்வீடு பாரம்பரிய வீடு, எவருடைய முன்னோர் முன்னோராகக் கணிக்கப்படுகின்றனர் என்ற வினாவை எழுப்பாமல், அக்குரலோடு சேர்ந்து பாட நம்மால் இயலவில்லை.

மலையகத்தில் இப்பணி எவ்வாறு நடைபெறுகின்றது என்று பார்ப்போம். அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய ஆதிஷம் மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் அதில் வாழ்ந்துகொண்டே அதனைக் காத்து வருகின்றனர். பொகவந்தலாவைப் பக்கத்தில் 1888இல் எழுந்த துரை பங்களா, இன்று செல்வந்தர் தங்கும் விடுதி. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக மாறியது. பழைய இயந்திரங்கள் சிலவும் அங்கே பேணப்படுகின்றன. இவற்றில் வெளிப்படும் கைவண்ணத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மரத்தளத்தையும் கணப்படுப்பையும் பழைய கோலத்திலேயே காப்பது எளிதன்று. நமது குறை வேறு. இக்கட்டிடங்களைப் புகழ்ந்து எழுதுவோர் பங்களாவின் பூந்தோட்டத்தோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். பூந்தோட்டத்துக்கு அப்பால் நீளும் லயம் அவர்களுக்கு வரலாறாகத் தோன்றுவதில்லை.

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரபத்தனைக்கு அப்பால் அமைந்தது டயகம. மூடுபனியும் வாடையும் ஓயாத அவ்வூரின் தோட்டங்களிலும், மலையகமெங்கும் போலவே, வாழ்விடமென்றால் லயந்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிடப்பட்ட காம்பிரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்கதவும் இல்லை, காற்றும் இல்லை. வந்து உழைத்துவிட்டுப் போகும் கூலிகளுக்கென எழுப்பப்பட்ட கொட்டகை அது. வந்தவர்கள் போகவில்லை. பாட்டனார் பிறந்த அதே காம்பிராவில் பேரன் பிறந்தான். அதே இஸ்தோப்பில் மணப்பந்தல் இட்டார்கள். அதே வாசலில் தப்பொலியோடு பிணமும் புறப்பட்டது. நான்கு, ஐந்து தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருந்தால், அதனைப் பூர்வீக வீடு என்று அழைக்காமல் வேறென்னவென்று அழைப்பது?

பழைய வீட்டைச் செப்பனிடும் கலையும் அங்கே இல்லாமற் போகவில்லை. மண்ணும் சாணமும் குழைத்துச் சுவரின் வெடிப்பை அடைக்கிறாள் தாய். தீபாவளி முற்பணத்தில் ஒரு பகுதி சுண்ணாம்புக்குப் போகின்றது. காற்றுக்குத் தகரம் பறக்காதிருக்கக் கல்லேற்றி வைக்கிறார் தந்தை. மகனுக்குத் திருமணமானதும் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து ஓர் அறையாக்குகின்றனர். பின்புறத்தில் குசினி ஒன்று சாய்ப்பாக எழுகின்றது. இவ்வளவும் மலையில் கொழுந்தெடுத்து முடித்த பின்னர் மிஞ்சும் பொழுதில் நடக்கும் வேலை. கட்டிடக்கலை பற்றிய நூல்கள் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

தடை எங்கே இருக்கிறது? செட்டிநாட்டின் பெருவீடுகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் ஒத்துவராமையால் வீடு பாழடைவதும் உண்டு. ஒத்துவந்து காப்பதும் உண்டு. உரிமையாளர் பலராயிருப்பது அவர்களுடைய சிக்கல். லயத்தில் குடியிருப்போருக்கோ உரிமையே இல்லை. காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்யும்வரைதான் இருப்பு. ஒரு சுவரை நீட்டுவதற்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. முதலாளிகள் மாறினர். லயத்துக்குக் காணி உறுதி மட்டும் வரவில்லை.

இம்மக்களுக்கு நாடே மறுக்கப்பட்ட கதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. நாளை எங்கிருப்போம் என்று அறியாதவர் வீட்டைப் பேணவில்லை என்று குறைகூறுவதற்கு எவருக்கு உரிமையுண்டு?

நமது இலக்கியம் இந்த உண்மையை முன்னரே கண்டுகொண்டது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்றப் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை, தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையை இழக்கின்றான். வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கின்றான். கூரை இருந்தும் வீடில்லாத நிலையை அத்தலைப்பு ஒரே சொல்லில் கூறிவிட்டது. ஆயினும் நம் திறனாய்வாளர் பலர் மலையகப் படைப்புகளில் லயத்தை அவலத்தின் சின்னமாக மாத்திரமே வாசித்து வந்துள்ளனர். சிறையாக அமைக்கப்பட்ட இடத்தை மக்கள் தம் உழைப்பால் இல்லமாக்கினர் என்ற மறுபாதியையும் காணாத திறனாய்வு முழுமையானதன்று. அவலத்தை மட்டும் பேசும்போது, அம்மக்களை வரலாற்றின் செயலாளர் என்ற இடத்திலிருந்து நாமே இறக்கிவிடுகின்றோம்.

இவ்வாறு கூறுவதால், லயங்களை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று வாதிடுவதாக எவரும் கருதவேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைக் குடியிருந்தோரோடு புதைத்தது. ஆபத்தான சரிவில் நிற்கும் லயத்துக்குப் பாரம்பரியம் என்ற பெயரிட்டு அதற்குள் மக்களை இருத்துவது கொடுமை. 7 பேர்ச்சஸ் நிலத்தில் எழும் தனிவீடுகளையும், இந்திய உதவியுடன் கட்டப்படுவனவற்றையும் நாம் வரவேற்கின்றோம். தேவையோடு ஒப்பிட்டால் அவை சொற்பம் என்பதையும் உடனே சொல்லவேண்டியுள்ளது.

கம்பளை, ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்று 2007இல் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கப்பட்டது. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வரலாற்றுச் சான்றுகளே என்று நிலைநாட்டிய அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் நூதனசாலையில் எவரும் குடியிருப்பதில்லை. குடியிருந்துகொண்டே காப்பது வேறு பணி. அதற்கு உறுதிப்பத்திரம் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, குடியிருப்போர் பெயரில் நிலமும் வீடும் எழுதப்படவேண்டும். இரண்டாவது, இடிப்பதா, திருத்துவதா, இரண்டு காம்பிராக்களை இணைத்து ஒரு வீடாக்குவதா என்பதை, நிலச்சரிவு பற்றிய அறிவுரையுடன், அவர்களே தீர்மானிக்கவேண்டும். மூன்றாவது, இடிக்கப்படும் ஒவ்வொரு லயத்தின் அமைப்பும் அதில் வாழ்ந்தோரின் நினைவுகளும் முன்னதாகவே பதிவு செய்யப்படவேண்டும். இது எழுத்தாளரின் கடமை. டயகமவின் முதியவர்கள் இன்னும் பேசுகின்றனர். குறிப்பேட்டோடு அங்கே செல்வதற்கு நாம் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.