கடன் கேட்கும் கருவிகள்

பழவேற்காடு ஏரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? சுண்ணாம்புக்குளத்தைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் நடந்தால் கால் மணலில் புதையும், மழைக்காலத்தில் சேறு. அங்கே ஒரு சக்கர நாற்காலியை உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய பின்சக்கரங்கள் ஓரளவு சமாளிக்கும். முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள்தாம் மாட்டிக்கொள்ளும். காரணம் நீங்கள் பள்ளியில் படித்ததே: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பரப்பு சிறுத்தால் அழுத்தம் ஏறும். சக்கரம் மணலுக்குள் இறங்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021இல் வெளிவந்த 'நியோபோல்ட்' இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. மின்கலத்தால் ஓடும் பெரிய சக்கரம் ஒன்றை நாற்காலியின் முன்னால் மாட்டினால், சின்னச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். மெச்சத்தக்க வேலைதான். ஆனால் அதைத் திருப்பவும் நிறுத்தவும் நல்ல கைகள் வேண்டும். வழி பார்க்கக் கண் வேண்டும்.

கண் தெரியாதவருக்கு டில்லி ஐ.ஐ.டி.யின் 'ஸ்மார்ட்கேன்' (2014) உண்டு. கோலிலிருந்து கேளா ஒலி புறப்பட்டு, 3 மீட்டர் தொலைவிலுள்ள தடையில் மோதி ஏறத்தாழ 0.018 வினாடியில் திரும்புகிறது; உடனே கைப்பிடி அதிர்கிறது. ஒலி எழுப்பாமல் அதிர்வதால் காது கேளாதவருக்கும் பயன்படும். பலர் இதைக் கவனிப்பதில்லை! ஆனால் கோல் பிடிப்பவர் நடந்தாக வேண்டுமே.

பாருங்கள், ஒவ்வொரு கருவியும் ஓர் உறுப்பின் குறையை ஈடுகட்ட இன்னோர் உறுப்பிடம் கடன் வாங்குகிறது. நாற்காலி கையிடமும் கண்ணிடமும், கோல் காலிடம். காலும் கண்ணும் சேர்ந்து குன்றியவர் எங்கே போவார்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல குறைகள் ஒருங்கே உடையவரைத் தனியே குறிப்பிடுகிறது. அவர்களுக்கென்றே முட்டுக்காட்டில் ஒரு தேசிய நிறுவனமும் இருக்கிறது. கருவி செய்வோரோ பெரும்பாலும் ஆளுக்கு ஒரு குறை என்றே கணக்குப் போடுகிறார்கள். இதுதான் என் குறைபாடு.

மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். அங்கே கருவியை மாற்றவில்லை, தரையை மாற்றினார்கள். குப்பத்தில் வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரை அப்படியொரு கெட்டிப் பாதையும், இருபுறமும் ஒரு சாண் உயர விளிம்பும் இருந்தால், சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே வழி கண்டுகொள்ளும். கண்ணிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. தாடையால் ஒரே ஒரு விசையை அழுத்தினாலும் நாற்காலி நகரும். 25 கிலோமீட்டர் வேகமும் தேவையில்லை. மணிக்கு 2 போதும்.