படிகளின் கடல்

இங்கிலாந்து டூர் போய்வந்த நண்பர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்து மொபைலை நீட்டினார். குறைந்தது நாற்பது கதீட்ரல் படங்கள். எல்லாம் வாசலில் நுழைந்ததும் நட்டநடுவில் நின்று, பீடத்தைப் பார்த்து எடுத்தவை. தூண், விதானம், வண்ணக் கண்ணாடி எல்லாமே பளிச். எது எந்த ஊர் என்று அவருக்கே மறந்துவிட்டது.

பதிலுக்கு நான் அவருக்கு ஒரே ஒரு படம் காட்டினேன். நீங்களும் இணையத்தில் தேடிப் பாருங்கள். ஃப்ரெடரிக் எவன்ஸ் 1903-ல் வெல்ஸ் கதீட்ரலில் எடுத்தது. பெயர், ‘படிகளின் கடல்’. எவன்ஸ் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1898-ல் அதை விட்டுவிட்டு, காமிராவும் கையுமாகத் தேவாலயங்களைச் சுற்றினார். பெர்னாட் ஷா இவரைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

வெல்ஸில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது கத்தரி வளைவுகளைத்தான். கோபுரத்தின் கனம் தாங்காமல் போய், 1338-லிருந்து பத்து வருஷம் செலவழித்துக் கொடுத்த முட்டு. ஒரு வளைவின் தலையில் இன்னொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இந்தப் படத்தில் அது கிடையாது. குருமார் கூடிப் பேசும் மண்டபத்துக்கு ஏறுகிற பழைய படிக்கட்டு மட்டும். எத்தனையோ தலைமுறைகளின் பாதம் பட்டுக் குழிந்த கற்கள், வலது பக்கம் திரும்பும்போது அலை மாதிரியே புரள்கின்றன. பார்க்கும்போதே எங்கே கால் வைப்பது என்று மனசு தேடுகிறது.

கதீட்ரலுக்குள் படமெடுப்பது சள்ளை பிடித்த வேலை. ஜன்னலுக்கு வெளிச்சம் சரிசெய்தால் தூண் இருட்டில் போய்விடும். தூணுக்குச் செய்தால் ஜன்னல் வெளுத்துவிடும். இன்றைய மொபைல், கூடவும் குறையவுமாக நாலைந்து படம் எடுத்து ஒட்டி, சந்துபொந்தெல்லாம் விளக்குப் போட்டுவிடுகிறது. எவன்ஸ் சரியான வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். பிளாட்டினம் தாளில் அச்சிட்டார். அதில் படம் மேல்பூச்சாக நிற்காமல் தாளின் இழைக்குள்ளேயே ஊறியிருக்கும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் அத்தனை சாம்பல்கள். இருட்டு இருட்டாகவே இருக்கிறது. ஆனால் அதற்குள் கல் தெரிகிறது.

ஆனால் எனக்கு அவரிடம் ஒரு சண்டை உண்டு. நெகட்டிவில் டச்சப் செய்வது பாவம் என்ற கட்சிக்காரர் அவர். சரி, வாழ்க. அதே மனுஷர் சில இடங்களில் படத்துக்காக நாற்காலிகளை எல்லாம் வெளியேற்றச் சொல்லியிருக்கிறார். நெகட்டிவைத் திருத்தவில்லை, கோயிலைத் திருத்திவிட்டார்! அதனால்தானோ என்னவோ, அவருடைய வேறு சில படங்களில் தூண்கள் கம்பீரமாக நிற்கின்றன. அங்கே யாரோ முட்டி போட்டு அழுதிருப்பார்கள் என்று நம்ப முடிவதில்லை. இந்தப் படிக்கட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. படத்தில் ஒரு ஆள்கூட இல்லைதான். ஆனால் நடந்தவர்களைக் கல்லிலிருந்து எப்படி வெளியேற்றுவது?

முதல் உலகப் போரையொட்டி பிளாட்டினம் விலை எகிறியது. தாள் கிடைப்பதே கஷ்டமாகிவிட, எவன்ஸ் ஏறக்குறைய காமிராவையே மூடிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு, 1943 வரை உயிரோடிருந்தார்.

நண்பர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெல்ஸ் போனீங்களா சார்?” என்றேன்.

“போனேனே. இந்தப் படியிலகூட ஏறினேன். கொஞ்சம் வழுக்குச்சு, கீழே பாத்துக்கிட்டே ஏறினதுல படம் எடுக்க மறந்துட்டேன்” என்றார்.