உதரவிதானம்: சொல்லும் பொருளும்

மூச்சைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர், மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல், விலா எலும்பு என்று தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டு வருவார். இவை மாணவன் வீட்டில் கேட்டறிந்த சொற்கள். அன்றேல், கேட்ட அளவில் விளங்குபவை. நுரையீரலுக்குக் கீழே, மார்பையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் உறுப்புக்கு வந்ததும் பேச்சுத் தயங்கும். மூச்சை உள்ளிழுக்கும் தொழிலில் பெரும்பங்கு அவ்வுறுப்பினுடையது. விக்கல் எடுக்கும்போது துடிப்பதும் அதுவே. விக்கலுக்குப் பெயரிட்ட பேச்சுவழக்கு, விக்கச் செய்யும் உறுப்புக்குப் பெயரிடவில்லை.

ஏட்டு வழக்கிலோ பெயர்கள் இரண்டு உள. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை உதரவிதானம் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பிரிமென்றகடு என்கின்றன. பிரிமென்தகடு எனச் சந்தி பிரித்து எழுதுவாரும் உளர். இவ்விரு கரை வழக்குகளும் வந்து கூடிய இடம் கிள்ளான் பள்ளத்தாக்கு. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார் குடியேறினர். கிள்ளானிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தமிழகத்திலிருந்து வந்தோர் பெருகினர். இவர்தம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும், மலாய் மொழியில் ‘டியாஃப்ராக்மா’ என்னும் மூன்றாம் பெயரைச் சந்திக்கின்றனர். மூன்று பெயரும் ஒரு பொருளையே குறிப்பன என்று எடுத்துச் சொல்வார் இல்லையேல், முதலிற் கற்ற தமிழ்ச்சொல்லே முதலில் மறக்கப்படும்.

ஆகவே, இப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடைபோடுதல் தகும்.

மலாய்ச் சொல் கிரேக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்தது. கிரேக்க மூலத்தின் பொருள் குறுக்கே இட்ட வேலி என்பது. பிளேட்டோவும் இவ்வுறுப்பை, ஒரு வீட்டில் ஆடவர் பகுதியையும் பெண்டிர் பகுதியையும் பிரிக்கும் தடுப்புக்கு ஒப்பிட்டார். வேலி என்ற பெயர் உறுப்பின் இடத்தைச் சொல்கிறது. உருவத்தையோ தொழிலையோ சொல்லவில்லை. அதனாற்றான் அப்பெயர் பிற்காலத்தில் எளிதில் இடம் பெயர்ந்தது. தொலைபேசியில் அதிரும் மெல்லிய தகட்டுக்கும், ஒளிப்படக் கருவியில் ஒளியை அளந்துவிடும் துளையமைப்புக்கும் ஐரோப்பியர் அதே பெயரை வழங்கினர்.

பிரிமென்றகடு என்பது, பிரிக்கின்ற மெல்லிய தகடு என விரியும். முன்னிரு பகுதிகளும் தூய தமிழ். சொல்லின் அமைப்பும் இலக்கணத்துக்கு இயைந்தது. மென் என்பதன் ஈற்று னகரத்தின் முன் வரும் தகரம் றகரமாதல் புணர்ச்சி விதி. மென்றளிர் என்பது போல. எனினும் குறைகள் இரண்டு உள. தகடு என்றதும் தமிழன் மனத்தில் எழுவது பொற்றகடும் செப்புத்தகடும். அவை தட்டையானவை, உயிரற்றவை. இவ்வுறுப்போ தசையால் ஆயது. கவிழ்த்த கிண்ணம்போல் மேல்நோக்கிக் குவிந்தது. உயிருள்ளவரை ஓயாது இயங்குவது. தொலைபேசிக்குள் இருக்கும் பொருளுக்குத் தகடு என்பது முற்றும் பொருந்தும். உடம்பினுள் இருப்பதற்குப் பொருந்தவில்லை. மற்றொன்று, புணர்ந்த வடிவைச் செவியால் மட்டும் கேட்கும் சிறுவன் ‘மென்ற’ என்று பிரித்து, மெல்லுதலோடு மயங்கக்கூடும். சந்தி பிரித்து எழுதுவோர் இவ்விடரை நினைந்தே எழுதினர் போலும்.

இனி, உதரவிதானம். இது வடசொற்கள் இரண்டின் கூட்டு. உதரம் என்பது வயிறு. தொங்கும் வயிறு உடையவன் இலம்போதரன். வயிற்றிற் கயிறு கட்டப்பட்டவன் தாமோதரன். ஒரே வயிற்றிற் பிறந்தவன் சகோதரன். நாள்தோறும் வழங்கும் இப்பெயர்களுக்குள் உதரம் ஒளிந்திருக்கிறது. விதானம் என்பது மேற்கட்டி. தெய்வத் திருமேனிக்கும் அரியணைக்கும் மேலே கட்டும் பட்டுத் துணியும் விதானம். மண்டபத்தின் உட்கூரையும் விதானம். எனவே உதரவிதானம் என்றால் வயிற்றுக்கு மேலே கட்டிய மேற்கட்டி.

இப்பெயரில் உருவம் இருக்கிறது. வயிற்றறையில் நின்று அண்ணாந்து பார்ப்பான் ஒருவன் இருந்தால், அவன் காண்பது கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் மேலே வளைந்து கவிந்த கூரையே. அக்கூரையின் வலப்பக்கம், கீழே கல்லீரல் இருத்தலால் இடப்பக்கத்தினும் சற்று உயர்ந்திருக்கும். உணவுக்குழாயும், பெருந்தமனியும், கீழ்ப்பெருஞ்சிரையும் அதனூடே செல்ல மூன்று பெருவழிகள் உண்டு. வேலி என்ற பெயரும் தகடு என்ற பெயரும் காட்டாத குவிவை விதானம் காட்டுகிறது. மேலும் இப்பெயர் உடலுறுப்பை விட்டு வேறெதற்கும் செல்லாது. கலைச்சொல்லுக்கு இஃது ஒரு சிறப்பு.

குறையும் உண்டு. இப்பெயர் வயிற்றின் பக்கம் நின்று இடப்பட்டது. மூச்சுப் பாடமோ மார்பின் பக்கம் நின்று நடத்தப்படுவது. அங்கிருந்து பார்த்தால் அவ்வுறுப்பு நுரையீரல் அமர்ந்திருக்கும் தரை, கூரையன்று. மூச்சைப் பற்றிப் படிக்கும் மாணவன் வயிற்றைக் குறிக்கும் பெயரைக் கேட்டுத் திகைப்பது இயல்பே. உதரத்தை உதிரம் எனக் கொண்டு, குருதியோடு தொடர்புபடுத்தும் மயக்கமும் எழலாம். விதானம் துணி என்பதனால், இவ்வுறுப்பையும் சவ்வு என்று விளக்கிவிடுவது இன்னொரு பிழை. சவ்வு தானே இயங்காது. இத்தசை சுருங்கும், சுருங்கியதும் குவிவு தட்டையாகிக் கீழிறங்கும், மார்பறை அகன்று காற்று உள்ளே புகும். தசை தளர, மீண்டும் குவிந்து மேலெழும்; காற்று வெளியேறும். அமைதியான மூச்சில் இவ்வியக்கம் ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. அளவே, ஆழ்ந்த மூச்சில் பன்மடங்கு மிகும்.

இவ்விளக்கம் இன்றி நிற்கும் வடசொல்லின் கதி யாது என்பதற்கு வரலாற்றில் சான்றுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்குவித்தார். 1872இல் வெளிவந்த உடற்கூற்று நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பது பெயர். அவர் செய்த தொண்டு பெரிது. ஆயினும் இன்று அங்காதிபாதம் என்றால் அறிவார் அரியர். உடற்கூறு என்றால் அறியாதார் அரியர். மக்களுக்குப் பொருள் திறந்து காட்டாத சொல், எத்துணைப் பெருமையுடைய நூலின் முகப்பில் இருந்தாலும் வழக்கொழியும்.

அங்ஙனமாயின் உதரவிதானத்தைக் கைவிட்டுப் புதுச்சொல் ஆக்கலாமா எனின், இப்போது அது வேண்டுவதன்று. ஏற்கெனவே இரண்டு இருக்க, மூன்றாவதொன்று குழப்பத்தையே பெருக்கும். பெயர் என்பது இலக்கணம் வகுக்கும் வாக்கியம் அன்று. இடம், உருவம், தொழில் மூன்றையும் ஒரு சொல்லே சுமக்க வேண்டும் என்று கேட்பது முறையாகாது. உருவத்தைச் சரியாகக் காட்டும் சொல் கையில் இருக்கிறது. எஞ்சியதை ஆசிரியர் சொல்லவேண்டும். சகோதரனில் உள்ள உதரத்தைக் காட்டி, கோயில் மேற்கட்டியைக் காட்டி, மாணவனின் கையை அவன் நெஞ்சுக்குழியின் கீழ் வைத்து மூச்சிழுக்கச் செய்தால், ஐந்து நிமிடத்தில் சொல் உடம்போடு ஒட்டிவிடும். இலங்கை நூல்களில் பிரிமென்றகடு என வரும், மேல்வகுப்பில் டியாஃப்ராக்மா என வரும் என்பதையும் உடன் சொல்லிவிடுதல் நலம்.

தமிழாசிரியருக்கு இஃது அறிவியலாசிரியரின் வேலை என்று தோன்றலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிக்கு மூலமான காற்று உந்தியில் தொடங்கி எழுவதாகக் கூறுகிறது. மூச்சின் தொடக்கத்தை வயிற்றின் பக்கம் கண்ட அந்நூலைக் கற்பிப்பவர்க்கு, அவ்வயிற்றின் மேற்கட்டி அயலாகாது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியற்பாடம் 2003இல் ஆங்கிலத்துக்கு மாறியது. 2009இல் அறிவிக்கப்பட்ட முடிவின் பின்னரே மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. சில பள்ளிகளில் இருமொழித் திட்டத்தின் கீழ் ஆங்கிலமும் தொடர்கிறது. பாடமொழி ஆணையால் மாறும், ஆணையால் மீளும். மாணவன் உள்ளத்தில் பொருளோடு பதிந்த சொல்லை எந்த ஆணையும் பெயர்க்க இயலாது.